ஐம்பது வருட வட்டி

"பொம்பளைப் பிள்ளைங்க ஆடுற ஃபுட்பாலை யாரு பார்க்குறா? பார்க்க ஆளில்லாத ஆட்டத்துக்குக் காசு எங்கேருந்து வரும்?"

இதைக் கேட்டுவிட்டால் பேச்சு முடிந்தது என்று என் அண்ணனுக்கு நினைப்பு. கெட்டவன் இல்லை. மகள் பள்ளிக்கூட டீமில் ஆடுவதற்கு ஸ்டட்ஸ், அதாவது கால்பந்து ஷூ, வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். காரைக்குடியில் கடை வைத்திருக்கிறவன், வரவு இல்லாத இடத்தில் செலவு எதற்கு என்று கேட்டே பழகிப்போனவன். நானும் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் என்பதால், அந்தக் கேள்வியை ஆணாதிக்கம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட எனக்கு மனசு வருவதில்லை. கணக்குக் கேட்டால் கணக்கைத்தான் காட்ட வேண்டும்.

முதலில் அவன் பக்கத்து நியாயம். 2022 டிசம்பர் 18, ஞாயிறு, அர்ஜென்டினாவும் பிரான்சும் ஆடிய இறுதிப்போட்டி. மார்கழி பிறந்து ரெண்டு மூணு நாள்தான், விடியுமுன் எழுந்து கோலம் போட வேண்டும் என்று தெரிந்தும் எங்கள் தெருவில் பாதிப் பேர் டிவி முன்னால்தான் இருந்தார்கள். பெனால்டி முடிந்ததும் யாரோ தீபாவளிக்கு மிச்சம் வைத்த சரவெடியைக் கொளுத்தினார்கள். அடுத்த வருடம் ஆகஸ்ட் 20, அதுவும் ஞாயிறுதான். சிட்னியில் ஸ்பெயினும் இங்கிலாந்தும் ஆடிய பெண்கள் உலகக் கோப்பை இறுதி. நம்ம ஊர் நேரத்துக்கு மதியம் மூன்றரை மணி, கண்விழிக்கக்கூட வேண்டாம், கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டே பார்க்கலாம். பார்த்தது நானும் அண்ணன் மகளும் மட்டும், அதுவும் செல்போனில், ஏனென்றால் டிவியில் எல்லோரும் நூறு தடவை பார்த்த படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஓல்கா கார்மோனா 29-வது நிமிடத்தில் கோல் அடித்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் அடுப்படியிலிருந்து மதினி ஓடி வந்து பல்லி கில்லி விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

ஆக, அண்ணன் சொல்வது எங்கள் தெருவைப் பொறுத்தவரை உண்மை. பார்க்க ஆள் இல்லை. ஆனால் ஆள் எப்போதுமே இல்லாமல் இருந்ததா? அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

இங்கிலாந்தில் பிரஸ்டன் என்று ஒரு ஊர். முதல் உலகப் போரில் ஆண்கள் எல்லாம் சண்டைக்குப் போய்விட, அங்கே 'டிக் கெர்' என்ற தொழிற்சாலையில் வெடிமருந்து வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் பந்தை உதைக்க ஆரம்பித்தவர்கள், கொஞ்ச நாளில் டீமாகி, காயம்பட்ட சிப்பாய்களுக்கு நிதி திரட்ட மேட்ச் ஆடினார்கள். 1920 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிவர்பூலில் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆடிய மேட்சுக்கு வந்த கூட்டம் 53,000. உள்ளே இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் இன்னும் பல ஆயிரம். இன்றைக்கு அண்ணன் மாதிரி ஆட்கள் கேட்கிற அந்த 'ஆள்' நூறு வருடத்துக்கு முன்னால், டிவி இல்லாத காலத்தில், குளிரில் வந்து நின்றிருக்கிறது. அந்த டீமில் லில்லி பார் என்று ஒரு பெண், வந்து சேரும்போது பதினான்கு பதினைந்து வயது, அவள் உதைக்கும் வேகத்தைப் பற்றி அந்த ஊரில் இன்னும் கதை சொல்கிறார்கள்.

அப்புறம் என்ன ஆனது? ஒரு வருடம் கழியவில்லை. 1921 டிசம்பர் 5-ம் தேதி இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் கூடி, இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாதது, இதை ஊக்குவிக்கக் கூடாது என்று முடிவு செய்து, சங்கத்தில் இருக்கிற எந்தக் கிளப்பும் தன் மைதானத்தைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. வசூலான தர்மக் காசில் செலவுக்கென்று அதிகம் போகிறது என்று ஒரு பழியும் சேர்த்துப் போட்டார்கள். ஆடக் கூடாது என்று சட்டம் போடவில்லை பாருங்கள், மைதானத்தை மட்டும் பூட்டினார்கள். பூங்காவிலும் ரக்பி மைதானத்திலும் போய் ஆடிக்கொள்ளலாம். ஆனால் ஐம்பதாயிரம் பேர் நிற்க இடமில்லாத இடத்தில் ஐம்பதாயிரம் பேர் எப்படி வருவார்கள்? அந்தப் பூட்டு கழன்றது 1970-71 வாக்கில். கிட்டத்தட்ட ஐம்பது வருடம். அந்த டீம் அதற்குள்ளேயே, 1965-ல், கலைந்துவிட்டது.

இங்கிலாந்து மட்டும் என்றால் ஒரு நாட்டுக் கிறுக்கு என்று விட்டுவிடலாம். ஜெர்மனியில் 1955-லிருந்து 1970 வரை தடை. பிரேசிலில் இன்னும் மோசம், அங்கே அரசாங்கமே 1941-ல் உத்தரவு போட்டது, 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடுவது சட்டப்படி குற்றம். பீலேயின் நாட்டில், அவர் மூன்று உலகக் கோப்பை வாங்கிய காலம் முழுக்க, அவர் ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தி பந்தைத் தொட்டால் போலீஸ் வரும். தடை போன ஏழு வருடத்துக்குப் பிறகு பிறந்த மார்த்தாதான் பின்னால் உலகக் கோப்பைகளில் மொத்தம் 17 கோல் அடித்தார். உலகக் கோப்பையில் ஆணோ பெண்ணோ யாரும் அவ்வளவு அடித்ததில்லை. முன்னால் எத்தனை மார்த்தாக்கள் சமையல்கட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்பதற்குத்தான் பேரேடு கிடையாது.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வட்டிக் கணக்கு தெரியாத ஆள் இருக்க மாட்டார். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன குடும்பங்களின் ஊர் இது. ஆண்கள் கடல் கடந்து போயிருந்த வருடங்களில் வீட்டுக் கணக்கை எழுதி வைத்தவர்கள் ஆச்சிகள்தான். எங்கள் தெருவிலேயே ஒரு ஆச்சி உண்டு, எண்பதைத் தாண்டியவர், கால்குலேட்டரை நான் எடுப்பதற்குள் மனக்கணக்கில் வட்டி சொல்லிவிடுவார். அதனால் அண்ணனுக்கு அவன் பாஷையிலேயே சொன்னேன். நூறு ரூபாயை வருடத்துக்கு 12 வட்டியில் கூட்டு வட்டியாகப் போட்டால் ஐம்பது வருடத்தில் எவ்வளவு? கிட்டத்தட்ட 28,900. கூட்டமும் அப்படித்தான் வளர்கிறது. தாத்தா பார்த்த டீமை அப்பா பார்க்கிறார், அப்பா பார்த்ததை மகன் பார்க்கிறான், பத்திரிகை எழுதுகிறது, எழுதுவதால் விளம்பரம் வருகிறது, விளம்பரம் வருவதால் சம்பளம், சம்பளம் இருப்பதால் நல்ல ஆட்டம், நல்ல ஆட்டத்துக்கு இன்னும் கூட்டம். ஆண்கள் கால்பந்துக்கு அந்த வட்டி ஒரு நாள் தவறாமல் ஏறிக்கொண்டே வந்தது. பெண்களுடைய முதலை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டு, ஐம்பது வருடம் கழித்துத் திறந்து, அதே நூறு ரூபாயைக் கையில் கொடுத்து, உன்னிடம் ஏன் நூறுதான் இருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது?

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது வெள்ளைக்காரன் கதை, இங்க யாரு பூட்டுனா?" என்றான். நல்ல கேள்வி.

இங்கே யாரும் பூட்டவில்லை, தடை உத்தரவும் இல்லை. ஆனால் சாயங்காலம் நாலரை மணிக்கு எங்கள் பக்கத்து மைதானங்களைப் போய்ப் பார்த்தால் விஷயம் புரியும். அண்ணன் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் (பேர் வேண்டாம், அவள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள்) நாலரையிலிருந்து ஆறரை வரை மைதானம் பையன்களுக்கு. பெண்பிள்ளைகளுக்குக் காலை ஆறு மணி. கேட்பதற்கு நியாயமான பங்கீடு மாதிரிதான் இருக்கும். ஆனால் அவர்கள் டீமில் பாதிக்கு மேல் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அது பெரிய உதவிதான், அதனால்தான் இத்தனை பிள்ளைகள் விளையாட்டுக்கே வந்தார்கள் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அவர்கள் ஊருக்கு முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான். பிறகு பதினொரு பேர் எங்கிருந்து சேர்வது? ஆறு பேர், ஏழு பேர் வருவார்கள், கோல் கீப்பர் இல்லாமல் பிராக்டிஸ் செய்வார்கள். போட்டியில் தோற்றால், பாத்தியா, பொம்பளைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வராது என்று ஒரு தீர்ப்பு.

பையன்களுக்குப் பள்ளி மைதானம் போனால் கண்மாய் இருக்கிறது. சித்திரை வைகாசியில் கண்மாய் வற்றினால் உள்ளே இறங்கிக் கல்லை வைத்து கோல் போஸ்ட் ஆக்கி இருட்டும் வரை ஆடலாம். பொட்டல் இருக்கிறது, கோவில் திடல் இருக்கிறது. பெண்பிள்ளை பந்தோடு கண்மாய்க்குள் இறங்கினால் கரையில் நின்று பார்ப்பதற்கென்றே நாலு பேர் வருவான். பார்க்க ஆளில்லை என்ற அண்ணனின் கவலை அங்கே மட்டும் செல்லாது.

மதினிக்கு வேறு கவலை. வெயிலில் கறுத்துப் போகிறாள், முழங்காலில் தழும்பு விழுகிறது, நாளைக்குக் கேட்க மாட்டார்களா? யார் கேட்பார்கள் என்று நான் கேட்டால், "உனக்குத் தெரியாது" என்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அந்தக் கேள்விகளைக் கேட்கிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள், நானே சந்தித்திருக்கிறேன். அண்ணன் மகள் பெரியமனுஷி ஆனபோது சடங்கு சுற்றி முடிந்து வந்த சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, இனிமே பந்து கிந்தெல்லாம் வேண்டாம். அந்த வருடம் அவள் டீமில் நான்கைந்து பேர் நின்றுவிட்டார்கள். அவள் நிற்கவில்லை, அதற்குக் காரணம் வேடிக்கையானது. எங்கள் அப்பத்தா, கால்பந்துக்கு எத்தனை பேர் என்றுகூடத் தெரியாதவர், "ஓடுற காலைக் கட்டிப் போட்டா வாதம் வரும்டி" என்று ஒரு போடு போட்டார். வைத்தியம் சரியா தெரியாது, ஆனால் அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பெண் உடம்பையும் உடுப்பையும் பற்றிய இந்தச் சங்கடம் நம் ஊர் சமாச்சாரம் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்துப் பெண்கள் அணி வெள்ளை டவுசரில் ஆடியது. மாதவிலக்கு நாட்களில் வெள்ளையோடு ஓடுவது எவ்வளவு பதற்றம் என்று ஆட்டக்காரர்களே வெளிப்படையாகச் சொல்லி, 2023-ல்தான் நீலத்துக்கு மாற்றினார்கள். ஐரோப்பியக் கோப்பையை 2022-ல் வாங்கிய டீமுக்கே இந்த நிலைமை. ஸ்டட்ஸ் கதையும் அதேதான். ஆண் காலுக்கு அளவெடுத்து வடிவமைத்ததைச் சின்ன சைஸில் செய்து பெண்களுக்கு விற்பதே ரொம்ப நாள் வழக்கம். காரைக்குடிக் கடையில் அண்ணன் மகளுக்குக் கிடைத்ததும் பையன்களின் நாலாம் நம்பர்தான், முன்னால் துணி அடைத்துப் போட்டுக்கொள்கிறாள். முழங்கால் ஜவ்வு கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம், லியா வில்லியம்சன், பெத் மீட், விவியான் மீடமா என்று ஆர்சனல் கிளப்பின் மூன்று பெரிய ஆட்டக்காரர்கள் அந்தக் காயத்தால்தான் 2023 உலகக் கோப்பைக்கே போகவில்லை. அதில் செருப்புக்கு எவ்வளவு பங்கு, உடம்புக்கு எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு என்று ஆராய்ச்சி செய்யவே இப்போதுதான் காசு ஒதுக்குகிறார்கள்.

சரி, பரிசு விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு ஊர்த் திருவிழாவில் வருடா வருடம் கால்பந்துப் போட்டி நடக்கும். பையன்களுக்கு முதல் பரிசு ரொக்கம், ஆளுயரக் கோப்பை, வெளியூர் டீமுக்குச் சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் உண்டு. ஒரு வருடம் பெண்களுக்கும் ஒரு மேட்ச் வைக்கலாம் என்று யாருக்கோ தோன்றியது. பையன்களின் அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவில் அரை மணி நேரம், 'காட்சிப் போட்டி'. அண்ணன் மகள் டீம் ஜெயித்தது. மேடையில் கூப்பிட்டு ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்கு கொடுத்தார்கள். மைக்கில் ஒருவர், "பிள்ளைங்க நாளைக்குப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோகலாம்" என்று சொல்ல, பந்தல் முழுக்கச் சிரிப்பு. நல்ல மனசோடுதான் சொன்னார், அதுதான் இன்னும் எரிச்சல். அவள் அந்தத் தூக்கில் இப்போது ஷின் கார்டைப் போட்டு வைத்திருக்கிறாள்.

நான் அன்றைக்குப் பொங்கித் தீர்த்தேன், இந்தச் சாமான் புத்தி எங்கள் ஊரை விட்டுப் போகாது என்று. பெண் பிறந்த நாளிலிருந்து பாத்திரம் சேர்த்து, கல்யாணத்துக்குப் பித்தளை, எவர்சில்வர், எனாமல் என்று வளவில் பரப்பி வைக்கிற ஊர், பெண்பிள்ளைக்கு வேறு என்ன கொடுக்கத் தோன்றும் என்று. பிறகு ஒரு நாள் படித்தேன். 1989-ல் மேற்கு ஜெர்மனிப் பெண்கள் அணி தங்கள் சொந்த மண்ணில் நார்வேயை 4-1 என்று அடித்து ஐரோப்பியக் கோப்பையை வாங்கியது. நாட்டுக்கே முதல் பெண்கள் கோப்பை. அவர்கள் சங்கம் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? ஆளுக்கொரு காபி செட். பூப்போட்ட பீங்கான் கோப்பை, சாஸர், கெட்டில் எல்லாம் சேர்ந்த செட். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆச்சியிடம் செல்போனில் அந்த செட்டின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்து, "நல்ல சாமானாத்தான் இருக்கு. ஆனா ஏத்தா, ஆம்பளைக்கு என்ன குடுத்தான்?" என்றார். இந்த விவகாரத்தில் யாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது, ஆச்சிக்கு அரை நிமிடம்தான் ஆனது.

ஆம்பளைக்கு என்ன கொடுத்தான் என்று பார்ப்போம். 2014-ல் ஆண்கள் உலகக் கோப்பையை வாங்கிய ஜெர்மனிக்கு உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா கொடுத்தது 3.5 கோடி டாலர். 2015-ல் பெண்கள் கோப்பையை வாங்கிய அமெரிக்காவுக்கு 20 லட்சம் டாலர். போதாதென்று அந்தக் கனடா உலகக் கோப்பை முழுவதையும் செயற்கைப் புல்லில் ஆட வைத்தார்கள், ஆண்களுக்கு அப்படி ஒரு உலகக் கோப்பை நடந்ததே இல்லை, விழுந்தால் தோல் உரியும் என்று பெண்கள் வழக்குப் போட்டும் பலிக்கவில்லை. அதற்குப் பிறகு நிலைமை மாறிக்கொண்டுதான் வருகிறது, அதையும் சொல்ல வேண்டும். 2022 ஆண்கள் கோப்பைக்கு மொத்தப் பரிசு 44 கோடி டாலர், 2023 பெண்கள் கோப்பைக்கு 11 கோடி. முன்னால் கோப்பை வாங்கிய அணிகளுக்குள் பதினேழு மடங்கு வித்தியாசம், இப்போது மொத்தப் பரிசில் நாலு மடங்கு.

யாரும் மனசு இரங்கிக் கொடுத்த மாற்றமில்லை இது. அமெரிக்காவில் பெண்கள் அணிதான் கப் வாங்குகிற அணி. 2018 ஆண்கள் உலகக் கோப்பைக்கு அமெரிக்கா தகுதிகூடப் பெறவில்லை. 2019-ல் மகளிர் தினத்தன்று 28 பேர் தங்கள் சொந்தச் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டு, அதே வருடம் போய் உலகக் கோப்பையையும் மறுபடி வாங்கி வந்தார்கள். அந்த வழக்கில் சங்கத்து வக்கீல்கள் எழுதிக் கொடுத்தது, ஆண்கள் செய்கிற வேலைக்குத் திறமையும் பொறுப்பும் அதிகம் வேண்டும் என்று. பெண்கள் அடுத்த மேட்சுக்கு முன்னால் சங்கத்தின் சின்னம் தெரியாதபடி பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றார்கள். சங்கத் தலைவர் ராஜினாமா செய்தார். 2022-ல் 2.4 கோடி டாலருக்குச் சமரசம், இனிமேல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பள ஒப்பந்தம். பெயரும் புகழும் உள்ள ஆட்டக்காரர்கள் கோர்ட் ஏறி வாங்கிய காசு அது.

இந்தியக் கதைக்கு வந்தால் முதலில் கோபம் வரும், அப்புறம் சிரிப்பு. பெண்கள் ஆசியப் போட்டியில் இந்தியா 1980-ல் கோழிக்கோட்டில் இரண்டாம் இடம். 1983-ல் பாங்காக்கில் மறுபடி இரண்டாம் இடம். அந்த வருடமே சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. அத்தோடு சரி. மணிப்பூரின் பெம்பெம் தேவிக்கு அர்ஜுனா கிடைக்க 2017 ஆக வேண்டியிருந்தது. ஓங்கி வளர்ந்திருக்க வேண்டிய பயிர், நடுவில் தண்ணீர் விட ஆளில்லை. பெண்களுக்கென்று தேசிய லீக் ஆரம்பித்ததே 2016-17-ல். 2025 ஜூலை 5-ம் தேதி தாய்லாந்தில் தாய்லாந்தையே 2-1 என்று அடித்து, தகுதிச் சுற்று ஆடி ஜெயித்து, முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர். மறுநாள் காலை நான் போன டீக்கடையில் இருந்த நாளிதழில் அந்தச் செய்தியைத் தேட வேண்டியிருந்தது, கிரிக்கெட்டுக்குக் கீழே கட்டம் கட்டி இருந்தது.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது, யாரும் படுவதில்லை என்பதுதான். 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு பெண்கள் அணி தேசியப் பட்டம் வாங்கியது. மணிப்பூரைப் பெண்கள் கால்பந்தில் ஜெயிப்பது என்றால் என்னவென்று ஆடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் பட்டம். 2019-ல் தேசிய லீக்கையே வாங்கியது சேது எஃப்சி, மதுரை டீம், லூதியானாவில் நடந்த இறுதியில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்றது. மதுரை எங்களுக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரச் சொச்சம். அந்த மே மாதம் காரைக்குடியில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஐபிஎல்லில் சென்னை ஒரு ரன்னில் தோற்றது எல்லோருக்கும் தெரியும், இன்னும் அழுகிறார்கள். பக்கத்து ஊர் இந்தியாவிலேயே முதலாவதாக வந்தது தெரியாது.

கட்டாக்கில் ஆடிய இந்துமதி கதிரேசனை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூர்ப் பெண். சுனாமி அடித்த அந்தக் கரையில்தான் பெண்கள் கால்பந்து வேர் பிடித்தது, இந்திய அணியில் ஆடிய சந்தியா ரங்கநாதனும் அந்த மாவட்டம்தான். இந்துமதி நாட்டுக்கு ஆடியவர், அதே நேரம் தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். 2021 கொரோனா ஊரடங்கில் சென்னையில் தெருவில் நின்று வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தார். சர்வதேச அளவில் ஆடுகிற ஒரு ஆண் கால்பந்துக்காரரை அந்த மாதிரி நினைத்துப் பார்க்க முடிகிறதா? ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இந்துமதியின் கோலைவிட அந்தக் காக்கிச் சட்டையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள், அதில் தப்பே இல்லை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்ற ஒரு வாக்கியம்தான் பல வீட்டில் அப்பாக்களின் வாயை அடைத்துப் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புகிறது. அண்ணனும் ஸ்டட்ஸ் வாங்கிக் கொடுத்தது அதற்காகத்தான், மறைக்க மாட்டான். ஆடுவதே ஒரு வேலையாக, அதில் வருகிற சம்பளத்திலேயே பிழைக்கிறதாக ஒரு பெண்ணை எங்கள் ஊர் இன்னும் பார்க்கவில்லை. பாலா தேவி 2020-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்போடு ஒப்பந்தம் போட்டு, வெளிநாட்டில் தொழில்முறை ஒப்பந்தம் வாங்கிய முதல் இந்தியப் பெண் கால்பந்துக்காரர் ஆனார் என்று அண்ணன் மகளிடம் சொன்னபோது அவள் கேட்டது, "அப்போ அவங்களுக்கு போலீஸ் வேலை வேண்டாமா அத்தை?" பாலா தேவியும் மணிப்பூர் போலீஸ்தான் என்பதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தேன்.

மரியாதைக் கணக்கு தனி. வருடத்தின் சிறந்த கால்பந்துக்காரருக்கான பாலோன் தோர் விருதை 2018-ல் முதல் முறையாகப் பெண்களுக்கும் கொடுத்தார்கள், நார்வேயின் அடா ஹெகர்பெர்க் மேடையேறி வாங்குகிறார், நிகழ்ச்சி நடத்துகிறவர் கேட்ட கேள்வி, இடுப்பை ஆட்டி ஆடத் தெரியுமா என்று. தெரியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். கனடாவின் கிறிஸ்டின் சின்கிளேர் தன் நாட்டுக்காக 190 கோல் அடித்தவர், ரொனால்டோ உள்பட எந்த ஆணும் அந்த எண்ணை எட்டவில்லை, ஆனால் உலகிலேயே அதிக கோல் யார் என்று கேட்டால் எங்கள் தெருப் பையன்கள் ரொனால்டோ என்றுதான் சொல்வார்கள். நாங்கள் செல்போனில் பார்த்த அந்த சிட்னி இறுதி? ஸ்பெயின் பெண்கள் உலகத்தையே ஜெயித்த நாள். மறுநாள் உலகம் பேசியது அவர்கள் சங்கத் தலைவர் ரூபியாலஸ் மேடையில் ஆட்டக்காரர் ஹெனி ஹெர்மோசோவை அவர் சம்மதமில்லாமல் முத்தமிட்டதைப் பற்றி. அந்த ஆள் முதலில் பதவி விலக மாட்டேன் என்று அடம்பிடித்து, அப்புறம் விலகி, 2025-ல் கோர்ட்டு பாலியல் குற்றம் என்று தீர்ப்புச் சொல்லி அபராதம் போட்டது. நீதி கிடைத்தது என்று சொல்லலாம். அந்த இறுதியில் ஐதானா பொன்மாதி எப்படி ஆடினார் என்று பேசியிருக்க வேண்டிய வாரங்கள் எல்லாம் அவன் கணக்கில் போய்விட்டன.

"கிரிக்கெட்ல எல்லாம் சமமாக்கிட்டாங்களே" என்பது அண்ணனின் அடுத்த அஸ்திரம். பாதி உண்மை. 2022-ல் இருந்து மேட்ச் சம்பளம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று, டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம். ஆனால் வருட ஒப்பந்தம் என்று பார்த்தால் ஆண்களில் உச்ச வகுப்புக்கு 7 கோடி, பெண்களில் உச்ச வகுப்புக்கு 50 லட்சம் என்றுதான் அப்போது இருந்தது. மேட்ச் எண்ணிக்கையும் சமம் கிடையாது, பெண்கள் டெஸ்ட் ஆடுவதே எப்போதாவது ஒன்று. ஆனாலும் 2025 நவம்பர் 2-ம் தேதி ராத்திரி ஹர்மன்பிரீத் அணி உலகக் கோப்பையை வாங்கியபோது எங்கள் தெருவில் வெடித்தார்கள். அண்ணனும் பார்த்தான். அதைத்தான் அவனிடம் திருப்பிச் சொன்னேன், டிவியில் நல்ல நேரத்தில் போட்டு, நல்ல மைதானம் கொடுத்து, நாலு வருடம் ஒழுங்காகச் செலவு செய்தால் நீயே பார்க்கிறாய் அல்லவா? பார்சிலோனாவில் 2022-ல் பெண்கள் மேட்சுக்குப் பெரிய மைதானத்தைத் திறந்துவிட்டார்கள், 91,000 பேருக்கு மேல் வந்தார்கள், ஒரு தடவை இல்லை, ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவை. குடிசன் பார்க்கில் நின்ற கூட்டத்தின் பேரன் பேத்திகள் எங்கும் போய்விடவில்லை.

இதனால்தான் சம்பளச் சமத்துவம் என்ற கோஷத்தை நான் இரண்டாவதாக வைக்கிறேன். எங்கள் ஊரில் சம்பளமே இல்லாத ஆட்டத்தில் எதைச் சமமாக்குவது? 2022-ல் ஐரோப்பியக் கோப்பை வாங்கிய இங்கிலாந்துப் பெண்கள், வெம்ப்ளியில் 87,192 பேர் முன்னால் ஜெயித்த சூட்டோடு, நாட்டை ஆளப் போகிறவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கேட்டது தங்களுக்குப் பணமில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்பிள்ளைக்கும் கால்பந்து ஆட வாய்ப்பு வேண்டும் என்று. அடுத்த மார்ச்சில் அரசாங்கம் ஒப்புக்கொண்டது. பூட்டின இடம் எது என்று அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

இப்போதைக்கு நடந்தது என்னவென்றால், பெற்றோர் கூட்டத்தில் மதினியே எழுந்து (நான் இல்லை, மதினி!) வாரத்தில் ரெண்டு சாயங்காலமாவது பிள்ளைகளுக்கு மைதானம் வேண்டும் என்று கேட்டுவிட்டார். பி.டி. சார் நல்ல மனிதர், செவ்வாயும் வியாழனும் கொடுத்திருக்கிறார். ஆறு மணிக்கு மேல் கிராமத்துப் பிள்ளைகள் எப்படி வீடு போய்ச் சேர்வது என்பதுதான் இன்னும் தீராத பிரச்சினை. ரெண்டு ஆட்டோவைப் பேசி வைத்திருக்கிறோம், மாதத்துக்கு ஆகிற வாடகையில் பாதிக்கு ஆள் கிடைத்துவிட்டது, மீதிக்கு அண்ணன் கடையில் கேட்டிருக்கிறேன். திருவிழாக் கமிட்டிக்கும் போய், இந்த வருடம் பெண்களுக்குத் தனியாக நாக் அவுட் வைத்து, பையன்களுக்குக் கொடுக்கிற அதே ரொக்கத்தைக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. கமிட்டிக்காரர், "பார்க்கலாம்மா, வசூல் எப்படி வருதுன்னு பார்த்துட்டுச் சொல்றோம்" என்றார். வசூல் நோட்டை நானே எழுதித் தருகிறேன், கணக்கு எழுதக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஆச்சி முதல் ஆளாக ஐயாயிரம் எழுதச் சொல்லியிருக்கிறார், ஒரு நிபந்தனையோடு: தூக்கு வாங்கினால் திருப்பிக் கேட்பாராம்.